நீட்டிப்பு அட்டை

நீட்டிப்பு அட்டை என்பது, கணினியின் மதர்போர்டில் உள்ள செருகுவாயில் நேரடியாகப் பொருந்த வேண்டிய விரிவாக்க அட்டையைப் பெட்டிக்கு வெளியே, பழுதுபார்ப்பவரின் கைக்கும் அளவுகருவியின் முனைக்கும் எட்டும் உயரத்தில் நிறுத்தி, அந்நிலையிலேயே அது வழக்கம்போல் இயங்கவும் வழிசெய்யும் இடைப்பலகை ஆகும். பழுதுபார்க்கும் கடைகளில் எக்ஸ்டெண்டர் கார்டு என்று வழங்கும் இதன் கீழ்விளிம்பில் செருகுவாய்க்குள் நுழையும் தொடுமுனைகளும், மேல்விளிம்பில் அதே வகைச் செருகுவாய் ஒன்றும், இரண்டையும் நேருக்கு நேர் இணைக்கும் செப்புத் தடங்களும் இருக்கும். வேறு உறுப்பு ஒன்றும் இல்லாவிட்டாலும் இதன் பணி நிறைவேறிவிடும். இத்தனை எளிய பொருளுக்குத் தேவை ஏற்பட்டதற்குக் காரணம், அட்டைகளின் கோளாறுகளில் பெரும்பாலானவை மின்சாரம் பாய்ந்து குறிகைகள் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவுக்கு அகப்படும் என்பதும், இயங்கும் அட்டையோ அண்டை அட்டைகளுக்கு இடையே சிக்கிக் கிடக்கும் என்பதுமே. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் செருகுவாய்களுக்கு இடையே 1 அங்குலம் இடைவெளி இருந்தது; 1983இல் வந்த எக்ஸ்டியில் அது 0.8 அங்குலமாகக் குறைந்தது. அந்த இடுக்கில் ஆசிலோஸ்கோப்பின் முனையை நுழைத்துச் சில்லுகளின் கால்களைத் தொட முயல்பவர், பக்கத்துக் கால்களைச் சேர்த்துத் தொட்டுப் புதிய பழுதை உண்டாக்கிவிடும் வாய்ப்பே மிகுதி.

கணினியைக் கழற்றி மாட்டக்கூடிய சிறு அட்டைகளாகப் பிரித்துக் கட்டும் முறை 1950களின் இறுதியில் நிலைபெற்றபோதே, நீட்டிப்பு அட்டையும் பராமரிப்புப் பொறியாளரின் கருவியாக உடன் வந்தது. 1959இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 1401, எஸ்எம்எஸ் எனப்பட்ட, 16 தொடுமுனைகள் கொண்ட சிறிய டிரான்சிஸ்டர் அட்டைகளை வரிசை வரிசையாகச் செருகிக் கட்டப்பட்டது. அவற்றுள் ஒன்றை மட்டும் வெளியே நீட்டி அளப்பதற்கென்று தனி அட்டை இருந்தது. டிஇசி நிறுவனம் 1965இல் வெளியிட்ட பிடிபி-8 முதலிய கணினிகளின் ஃபிளிப்-சிப் அட்டைகளுக்கு உரிய நீட்டிப்பு அட்டையைத் தன் பொருட்பட்டியலிலேயே சேர்த்து விற்றது. இந்தியாவில் இவ்வகைப் பராமரிப்புக்குத் தனி அழுத்தம் இருந்தது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் விதித்த பங்குரிமை வரம்பை ஏற்காமல் ஐபிஎம் 1978இல் நாட்டை விட்டு வெளியேறியபோது, அது விட்டுச்சென்ற கணினிகளைப் பேணும் பொறுப்பு, கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்ற பெயரில் தொடங்கப்பட்டுப் பின்னர் சிஎம்சி என்று அறியப்பட்ட அரசு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. உதிரி அட்டைக்கு இறக்குமதி உரிமமும் அந்நியச் செலாவணியும் தேவைப்பட்ட அக்காலத்தில், கெட்ட அட்டையைத் தூக்கி எறிந்து வேறொன்றை மாட்டுவதைக் காட்டிலும், அதில் கெட்டுப்போன ஒற்றை உறுப்பைக் கண்டுபிடித்து மாற்றுவதே நடைமுறைக்கு ஒத்துவந்தது.

அலுவலகக் கணினிக்கு வெளியே, ஆய்வுக்கூட மின்னணுவியலிலும் இக்கருவிக்கு இடம் உண்டு. நீலகிரி மலையில் உள்ள உதகையில், ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வில், உணரிகளிலிருந்து வரும் துடிப்புகளை எண்ணிப் பதிவுசெய்யக் கேமக் என்ற தரத்தில் அமைந்த தொகுதிகள் பயன்பட்டுள்ளன. ஐரோப்பிய அணு ஆய்வுக்கூடங்கள் 1969இல் வகுத்த இத்தரத்தில், கிரேட் எனப்படும் ஒரு கூட்டில் 25 நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலையிலும் 86 தொடுமுனைகள் கொண்ட விளிம்பு இணைப்பான் இருக்கும். தொகுதிகள் தோளோடு தோள் உரசி நிற்பதால், இயங்கும் தொகுதியின் உட்புறத்தை நீட்டிப்பு அட்டை இல்லாமல் பார்க்க இயலாது. ஆகையால் உலகெங்கும் கேமக் ஆய்வுக்கூடங்களில் இது வழக்கமான துணைக்கருவி ஆயிற்று.  

தொழிற்கூடத்துக் கருவியாக இருந்த நீட்டிப்பு அட்டை ஆர்வலர்களின் கைக்கு வந்தது ஆல்டேர் 8800 என்ற கணினியால். பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் 1975 ஜனவரி அட்டைப்படத்தில் தோன்றிய அக்கணினி பிரித்த உறுப்புகளாகவே பெரும்பாலும் விற்கப்பட்டது. வாங்கியவரே பற்றவைத்துக் கட்ட வேண்டும். பயிற்சி இல்லாத கைகள் பற்றவைத்த இணைப்புகளில் கோளாறு இல்லாமல் இராது என்பதால், இயங்கும் அட்டையை வெளியே எடுத்துப் பார்க்கும் தேவை முதன்முறையாக வீட்டு மேசைக்கு வந்தது. ஆல்டேரின் அட்டைகளை இணைத்த 100 தொடுமுனைப் பொதுத்தடம், எஸ்-100 பஸ் என்ற பெயரில் பிற நிறுவனங்களாலும் பின்பற்றப்பட்டு, 1983இல் ஐஇஇஇ 696 என்ற தரமாகவும் ஏற்கப்பட்டது. அதற்கான நீட்டிப்பு அட்டைகள் கிட்டாக விற்பனைக்கு வந்தன. சிலவற்றில், குறிகை உயர்நிலையில் உள்ளதா தாழ்நிலையில் உள்ளதா என்று விளக்கு எரித்துக் காட்டும் லாஜிக் புரோப் பலகையிலேயே பொருத்தப்பட்டிருந்தது. எஸ்-100 அமைப்பு இக்கருவிக்கு மிக இணக்கமானது என்றே சொல்ல வேண்டும். அதில் மின்வழங்கி ஏறத்தாழ 8 வோல்ட் சீர்ப்படுத்தாத மின்னழுத்தத்தையே தந்தது. அதை 5 வோல்ட்டாகச் சீர்ப்படுத்தும் உறுப்பு ஒவ்வோர் அட்டையிலும் இருந்ததால், நீட்டிய தடங்களில் வழியில் சிறிது மின்னழுத்தம் இழந்தாலும் அட்டை அதை உணரவில்லை.

ஐபிஎம் பிசி அந்தச் சலுகையைத் தரவில்லை. அதன் 62 தொடுமுனைச் செருகுவாய்க்கு, மின்வழங்கியிலேயே சீர்ப்படுத்திய 5 வோல்ட் நேராக வந்தது. டிடிஎல் வகைச் சில்லுகளோ 4.75 வோல்ட்டுக்குக் கீழே சரியாக நடக்கும் என்பதற்கு உறுதி இல்லை. 35 மைக்ரான் தடிப்புள்ள செப்பில் 1 மில்லிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட தடத்தின் மின்தடை ஏறத்தாழ 0.05 ஓம், 2 ஆம்பியர் பாய்ந்தால் அந்த ஒரு தடத்திலேயே 0.1 வோல்ட் போய்விடும். கிரவுண்டு வழியாகத் திரும்பும் மின்னோட்டத்துக்கும் அதே இழப்பு உண்டு. குறிகைத் தடத்தின் அகலத்திலேயே மின்தடத்தையும் வரைந்த பலகைகளில், நல்ல அட்டையும் கெட்டதுபோல் நடந்துகொள்வதற்கு இதுவே காரணம்.

இந்தியாவில் பிசி பரவியது 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணினிக் கொள்கைக்குப் பிறகுதான். சென்னையில் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் விற்ற சிவா பிசி, விலைக்குறைப்பால் பேர்பெற்ற உள்நாட்டுக் கணினிகளுள் ஒன்று. திரையட்டை, நெகிழ்வட்டு அட்டை, அச்சுப்பொறி அட்டை ஆகியவை அக்காலத்தில் விலை மிகுந்தவை. ஆதலால் சென்னை ரிச்சி தெருவையும் பெங்களூர் எஸ்.பி. சாலையையும் போன்ற உதிரிபாகச் சந்தைகளைச் சார்ந்து சில்லு மட்டத்தில் பழுதுபார்ப்பதே வாடிக்கையாளருக்குக் கட்டுபடியாயிற்று. 1990களில் அட்டைகளின் விலை சரிந்ததும் கணக்கு தலைகீழாயிற்று. தமிழ்நாட்டுக் கடைப்பலகைகளில் இன்றும் காணப்படும் 'சிப் லெவல் சர்வீஸ்' என்ற சொல் பெரும்பாலும் மடிக்கணினிகளையும் கைப்பேசிகளையுமே குறிக்கிறது; அவற்றில் மேசைக்கணினியில் உள்ளதுபோன்ற விரிவாக்க அட்டையும் இல்லை, நீட்டிப்பு அட்டைக்கு வேலையும் இல்லை.

விலைச் சரிவோடு வேகமும் சேர்ந்து இக்கருவியைத் தொழிலிலிருந்து ஓரங்கட்டியது. அச்சிட்ட பலகையில் குறிகை ஒரு நானோ நொடிக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் செல்லும். 20 சென்டிமீட்டர் நீட்டிப்பு கூட்டும் தாமதம் 1.3 நானோ நொடி. 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடிய பிசியின் ஒரு துடிப்புக்கு 210 நானோ நொடி, பின்னர் வந்த 8 மெகாஹெர்ட்ஸ் ஐஎஸ்ஏ பஸ்ஸின் துடிப்புக்கு 125 நானோ நொடி என்ற கணக்கில் இது பொருட்படுத்தத் தக்கதன்று. 1992இல் வந்த பிசிஐ பஸ்ஸின் துடிப்போ 30 நானோ நொடி. குறிகை தடத்தின் முனையில் மோதி எதிரொலித்துத் திரும்புவதையே பயன்படுத்திக்கொள்ளும் அதன் வடிவமைப்பு, அட்டையில் குறிகைத் தடம் 1.5 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று விதித்தது. அந்த எல்லைக்குள் வெறும் தடங்களால் ஆன நீட்டிப்பு அட்டைக்கு இடமில்லை. குறிகையை இடையில் வாங்கிப் புதுப்பித்து அனுப்பும் விலையுயர்ந்த பலகைகளே தேவைப்பட்டன. பிற்காலத்தில் கிரிப்டோ நாணயச் சுரங்கப் பெட்டிகளில் திரையட்டைகளைத் தள்ளி நிறுத்திய ரைசர் கேபிள்கள் தோற்றத்தில் இதன் வழித்தோன்றல்கள்போல் இருந்தாலும், அவற்றின் நோக்கம் இடவசதிதான், பழுதுபார்த்தல் அன்று. பழைய கணினிகளைச் சேகரித்து இயக்குவோரிடம் நீட்டிப்பு அட்டை மறுவாழ்வு பெற்றது என்றால், பழைமை மீதான பற்று அதற்குப் பாதிக் காரணமே; அந்தக் கணினிகள் இக்கருவியைத் தாங்கும் அளவுக்கு மெதுவானவை என்பதே மறுபாதி.

தொழிற்சாலைத் தயாரிப்புகள் அருகிய பின்னர் ஆர்வலர்கள் முதலில் செய்தது வெட்டி ஒட்டும் வேலை. பயனற்றுப்போன நெட்வொர்க் அட்டை ஒன்றின் தொடுமுனைப் பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதிலிருந்து 62 கம்பிகளைத் தனித்தனியே பற்றவைத்து ஒரு செருகுவாயோடு இணைத்தனர். கம்பிகள் நெருங்கி ஓடுவதால் ஒன்றின் குறிகை மற்றொன்றில் கசியும் குறை அதில் இருந்தது. ஃபெரிக் குளோரைடில் செப்பைக் கரைத்து வீட்டிலேயே பலகை செய்தவர்களுக்கு, முன்பக்கத் தடமும் பின்பக்கத் தடமும் நேர்ப்படுவதே பெரும்பாடு. 1992இல் பிரான்சில் தொடங்கப்பட்டு, 2013 முதல் செர்ன் ஆய்வுக்கூடத்தின் பங்களிப்பையும் பெற்ற கைக்கேட் என்ற கட்டற்ற வடிவமைப்பு மென்பொருளும், ஐந்து பலகை போன்ற சிறு எண்ணிக்கைக்கும் மலிவாக அச்சிட்டுத் தரும் சீனத் தொழிற்கூடங்களும் சேர்ந்து இந்நிலையை மாற்றின. இன்று ஒருவர் வரைந்த கோப்பைக் கொண்டு மற்றொருவர் வேறு நாட்டில் அதே பலகையை வரவழைத்துக்கொள்ள முடிகிறது.

அவ்வாறு கிடைக்கும் பலகையில் சிக்கனம் கூடாத இடம் தொடுமுனைப் பூச்சு. நிக்கலின் மேல் 0.7 மைக்ரான் அளவில் கடினத் தங்கம் பூசிய முனைகள் பலநூறு முறை செருகி எடுத்தாலும் தேயாது. மலிவான வேதிமுறைத் தங்கப் பூச்சின் தடிப்பு 0.1 மைக்ரானைத் தொடுவதே அரிது என்பதால் அது விரைவில் உரிந்துவிடும். எப்போதாவது பயன்படுத்துவோர் அதையே ஏற்றுக்கொள்கின்றனர். ஈயப்பூச்சோடு விட்டுவிடுவதை எவ்வகையிலும் பரிந்துரைக்க இயலாது.

ஆர்வலர் வடிவமைப்புகள் பழைய தொழிற்சாலைப் பலகையைவிட மேம்பட்டு நிற்பது பாதுகாப்பு ஏற்பாடுகளில். 1980களின் அட்டைகளில் மின்னழுத்தத்தை நிலைப்படுத்த வைக்கப்பட்ட டாண்டலம் மின்தேக்கிகள் முதுமையில் குறுக்குச்சுற்றாகிவிடுவது வழக்கம். குறிப்பாக 12 வோல்ட் தடத்தில் உள்ளவை. அப்போது ஐபிஎம் பிசியின் 63.5 வாட் மின்வழங்கி தன்னைத்தானே நிறுத்திக்கொள்வதால், கணினி முழுதுமே செத்துப்போனதாகத் தோன்றும். இதற்காக +5, −5, +12, −12 ஆகிய நான்கு தடங்களிலும் தனித்தனி ஃபியூஸும், கழற்றி எடுத்து அவ்விடத்தில் மல்டிமீட்டரை இணைத்து மின்னோட்டத்தை அளக்க உதவும் ஜம்பரும் வைக்கப்படுகின்றன. எந்தத் தடம் கெட்டது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கிரவுண்டுக்கென்று ஒரு முழு அடுக்கை ஒதுக்கும் நான்கடுக்குப் பலகைகள் குறிகைக் கசிவையும் கிரவுண்டு வழி மின்னழுத்த இழப்பையும் ஒருசேரக் குறைக்கின்றன.

தவறான திசையில் செருகும் ஆபத்து வேறொரு வகையில் வருகிறது. கணினிப் பெட்டிக்குள் அட்டையின் பின்முனையில் உள்ள உலோகப் பட்டை அதைத் தலைமாற்றிச் செருக விடாது. நீட்டிப்பு அட்டையின் உச்சியில் அந்தத் தடை கிடையாது. 8 பிட் அட்டையை அங்கே திருப்பிச் செருகினால், பி வரிசையில் ஒன்பதாவதாக வரும் +12 வோல்ட், ஏ வரிசையின் இருபத்து மூன்றாவது முனைக்கு, அதாவது முகவரித் தடம் ஒன்றுக்குப் போய்ச் சேரும். அத்தடத்தோடு இணைந்த சில்லுகள் அந்தக் கணமே போய்விடும். நல்ல வடிவமைப்புகளில் இரு பக்கங்களிலும் தடங்களின் பெயர்களோடு, கணினியின் பின்புறம் எது என்பதும் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பது இதனால்தான்.

ஈரம் மிகுந்த இடங்களில் இக்கருவியைப் பயன்படுத்தும்போது மற்றொன்றையும் கருத வேண்டும். தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே புகும், நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கு போன்ற மலைப்பகுதிகளில், தங்கப் பூச்சின் நுண்துளைகள் வழியே அடியில் உள்ள உலோகம் அரிக்கப்பட்டும், வெள்ளீயம் பூசிய சில்லுக்கால்களில் ஆக்சைடு படிந்தும், உறுப்பு எதுவும் கெடாமலேயே அட்டை தவறக்கூடும். அத்தகைய அட்டையைக் கழற்றி நீட்டிப்பு அட்டையில் மாட்டும்போது, உரசலாலேயே முனைகள் சுத்தமாகிப் பழுது மறைந்துவிடுவதும், பின்னர் பெட்டிக்குள் திரும்பிய சில நாளில் மீண்டும் தலைகாட்டுவதும் உண்டு. ஒரே இணைப்பு இருந்த இடத்தில் நீட்டிப்பு அட்டை இரண்டு இணைப்புகளை வைப்பதால், அதுவே ஐயத்துக்கு உரிய இடமாகவும் ஆகிறது. எனவே முதலில் அட்டையின் முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நேரடியாகவே செருகிப் பார்த்து, கோளாறு நிலைக்கிறது என்று உறுதியான பின்னரே அதை நீட்டிப்பு அட்டையில் ஏற்றுவதும், அதற்கு முன் நன்றாக இயங்கும் வேறோர் அட்டையை அதே நீட்டிப்பில் வைத்துச் சோதிப்பதும், பழுதுபார்ப்போர் கைக்கொள்ளும் வரிசை ஆகும்.