‘பள்ளி’ – சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘ஹாலிடே’ என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மாணாக்கரின் முகம் மலர்கின்றது. அச்சொல்லினுள்ளே ‘புனித நாள்’ என்ற பொருள் அடங்கியிருப்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. விடைபெறும்போது கூறும் ‘குட்பை’யும், ‘கடவுள் உம்மோடு இருப்பாராக’ என்னும் வாழ்த்துத் தொடர் தேய்ந்து குறுகிய மரூஉவே ஆகும். நம் இலக்கண வழியில் சொன்னால், வியங்கோள் வினை கொண்ட முழு வாக்கியமொன்று வினையை இழந்து ஒற்றைச் சொல்லாய் நிற்கின்றது. வழிபாட்டுச் சொற்கள் அன்றாடப் பேச்சிற் கலந்து தம் பழம்பொருளை மறைத்துக்கொள்வது பிற மொழிகளிலும் உண்டு. தமிழில் இதற்குத் தக்க சான்று, ஆசிரியராகிய நாம் நாள்தோறும் நூறு முறை சொல்லும் ‘பள்ளி’ என்பதே.

இச்சொல்லை நான் ஆராயப் புகுந்தது என் பிழை ஒன்றினால். பயிற்சி முடித்துத் தோட்டப் பள்ளிக்கு வந்த புதிது. கட்டுரைப் பாடத்தில், தோட்டத்துக் கடைக்காரரின் மகன், “பெருநாளன்று காலையில் அத்தாவுடன் பள்ளிக்குப் போனேன்” என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, “பெருநாளன்று பள்ளி ஏது? பொய் எழுதாதே” என்று ஓரத்தில் குறித்து, இரண்டு மதிப்பெண்ணும் குறைத்துவிட்டேன். மறுநாள் அவன் தந்தையார் ஏட்டுடன் வந்தார். முகத்தில் கோபம் இல்லை. “வாத்தியாரய்யா, தொழுற எடத்தை நாங்க பள்ளின்னுதான் சொல்றது. பையன் பொய் எழுதலீங்களே” என்றார். மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். ‘பொய்’ என்ற சொல்லை எவ்வளவு தேய்த்தும் அந்தச் சிவப்பு மை முற்றும் போகவில்லை.

பள்ளி என்பதன் முதற்பொருள் படுக்கை, உறங்குமிடம் என்பதாம். பள்ளியறை, பள்ளிகொண்ட பெருமாள், பள்ளியெழுச்சி ஆகிய வழக்குகள் இதனைக் காட்டும். (நம் வகுப்பின் கடைசி வரிசையினர் சிலர் இன்றும் இம்முதற்பொருளைக் கைவிடாது காத்து வருகின்றனர்.) சமணத் துறவியர் மலைக்குகைகளிலே கற்படுக்கைகளில் வாழ்ந்தனர். மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளம் குகையில், ஏறத்தாழக் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி என்பான், நந்தாசிரியன் என்னும் துறவிக்குப் பள்ளி செய்வித்த செய்தி அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. திருச்சிராப்பள்ளி மலையிலும் சமணர் படுக்கைகளைக் காணலாம். படுக்கையைக் குறித்த சொல் படுக்கை உள்ள இடத்துக்காகி, துறவியர் உறைவிடத்துக்கும் ஆயிற்று. அங்கே அவர்கள் ஊராருக்குக் கல்வியும் புகட்டினர் என்றும், பள்ளியைச் சார்ந்த கூடமே பள்ளிக்கூடம் ஆயிற்று என்றும் ஆராய்ச்சியாளர் கூறுவர். இன்று கூடம் உதிர்ந்து பள்ளி மட்டும் நிற்கின்றது. ‘பள்ளி எழுந்து நின்று வரவேற்றது’ என்னும்போதோ அதுவே இடவாகுபெயராய் மாணவரைக் குறிக்கின்றது.

இனி, நம் ஊருக்கு நெருங்கிய செய்திக்கு வருவோம். பினாங்குத் தீவிலிருந்து வடக்கே நோக்கின் கெடாவின் ஜெராய் மலை தெரியும். அந்நாடே சோழர் ஆவணங்களில் வரும் கடாரம் என்பது பெரும்பாலோர் கருத்து. முதலாம் இராசராசன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்திலே பௌத்த விகாரை ஒன்று எடுப்பித்தான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைச் சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006இல், வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்ற ஆவணத்தின் தமிழ்ப் பகுதி அவ்விகாரையைப் ‘பள்ளி’ என்றே சுட்டுகின்றது. முதலாம் குலோத்துங்கனின் 1090ஆம் ஆண்டுச் செப்பேட்டில் இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என்னும் பெயர்களைக் காண்கிறோம். இக்கரை மன்னன் அக்கரையில் கட்டிய புத்தர் கோயிலுக்குச் சைவ மன்னனின் ஆவணம் இட்ட பெயர், சமணர் குகையிற் பிறந்த சொல்!

அதே சோழக் கடற்கரையினின்றும் முஸ்லிம் வணிகர் பினாங்குக்கு வந்தனர். 1801இல் கப்பித்தான் காதர் முகைதீன் முன்னின்று நிறுவிய தொழுமிடமே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். ‘வாசல்’ கட்டடத்தின் ஓர் உறுப்பு. அது முழுக் கட்டடத்துக்கும் ஆகி வந்தமையின் சினையாகுபெயர் எனலாம். பேச்சிலோ வாசலும் உதிர்ந்து மீண்டும் பள்ளியே எஞ்சுகின்றது. ஸலாத், ஸவ்ம் என்னும் அரபுச் சொற்கள் இருக்கவும், தொழுகை, நோன்பு என்னும் சொற்களையே தமிழ் முஸ்லிம்கள் இல்லந்தோறும் வழங்குவது கருதத்தக்கது. தொழுகை, ‘கை’ விகுதி பெற்ற தொழிற்பெயர். நோன்பு சமணரும் சைவரும் ஆண்ட சொல். மலையாளத்தில் பள்ளி என்பது மசூதியையும் குறிக்கும், கிறித்தவர் தேவாலயத்தையும் குறிக்கும்.

மலாய் மொழியும் இவ்வாறே செய்திருக்கின்றது. முஸ்லிம்களின் நோன்பைக் குறிக்கும் ‘புவாசா’, ‘உபவாசம்’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. ‘செம்பாயாங்’ என்னும் தொழுகைச் சொல்லிலே ‘ஹியாங்’ என்னும் பழந்தெய்வப் பெயர் உறைந்து கிடக்கின்றது. இந்துக் கோயிலைக் குறிக்கும் ‘குயில்’ நம் ‘கோயில்’தான். நன்னூல் விதிப்படி ஓகாரத்தின்முன் வகரம் தோன்றிக் ‘கோவில்’ என்றாதல் வேண்டும் என்று வாதிடும் அன்பர்கள், மலாய்க்காரர் செவியில் விழுந்த ஒலி யாது என்பதையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அண்மையில் பாட நடவடிக்கைக் கூட்டமொன்றில் இளம் ஆசிரியர் ஒருவர், மாணவர் குழம்பாமலிருக்கப் பள்ளி என்பதைக் கல்விக்கூடத்துக்கே ஒதுக்கி, தொழுமிடத்தை மசூதி என்றே எழுதப் பழக்கலாம் என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதே. ஆயினும் நான் உடன்படவில்லை. வீட்டில் தாய் சொல்லும் தமிழ்ச் சொல்லை வகுப்பறையில் பிழையென்று அடித்தால், அம்மாணவன் எம்மொழியைத் தன் மொழியென்று கொள்வான்? அன்று அதே பிழையைச் செய்தவன் நான் என்பதையும் கூட்டத்தில் மறைக்கவில்லை.

இப்போது எங்கள் ஆறாம் ஆண்டு மாணவருக்குப் ‘பள்ளி’யின் பொருள் கேட்டால், படுக்கை, துறவியர் உறைவிடம், கல்விச்சாலை, தொழுமிடம் என நான்கும் எழுதினால்தான் முழு மதிப்பெண். படுக்கையை மட்டும் ஒருவரும் மறப்பதில்லை.