கணினிப் பணிசெயல் முறைமையின் விரைவு: ஒரு வரலாற்று நோக்கு

கணினியொன்றின் விரைவு அதன் பொறியுறுப்புகளால் மாத்திரம் அமைவதன்று. ஒரே பொறி ஒரு முறைமையின்கீழ் விரைந்தும் வேறொரு முறைமையின்கீழ் தளர்ந்தும் தொழிற்படுதல் கண்கூடு. பொறிக்கும் அதனைப் பயன்படுத்துவோருக்கும் இடையே நின்று, செயலியின் நேரத்தையும் நினைவகத்தின் இடத்தையும் வட்டுகளையும் பங்கிட்டளிக்கும் ஆட்சி நிரலையே பணிசெயல் முறைமை என்பர். இயங்குதளம் எனவும் அது வழங்கும். இம்முறைமையை விரைவுபடுத்த எழுந்த முயற்சிகளின் வரலாற்றை ஆராயுமிடத்து ஓருண்மை புலனாகின்றது. தொடக்கத்திலே பொறியின் எவ்வுறுப்பையும் வாளா இருக்க விடாமை ஒன்றே விரைவுக்கு வழியெனக் கருதப்பட்டது. பின்னரே, இடமெல்லாவற்றையும் நிரப்பிவிடுதல் விரைவைக் கெடுக்கும் என்பதும், எதனை ஏற்காது நிறுத்திவைப்பது என்று அறிதல் முறைமையின் தலையாய தொழில் என்பதும் தெளிவாயின. அத்தெளிவு எளிதில் வந்ததன்று.

1950ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிற் கணினிக்கு முறைமை என்று ஒன்று இருந்ததில்லை. நிரல் எழுதியவர் தமக்கென ஒதுக்கப்பட்ட வேளையில் வந்து, துளையட்டைகளை இட்டு, காந்த நாடாக்களைப் பூட்டி, தம் வேலை முடிந்ததும் அவற்றைக் கழற்றிச் செல்வார். பெருவிலை கொடுத்துப் பெற்ற பொறி அவ்வளவு நேரமும் கைவேலை முடியும்வரை காத்துக் கிடக்கும். இவ்விழப்பைக் குறைக்கவே, 1956இல் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த றொபேட் பற்றிக்கும் நோர்த் அமெரிக்கன் ஏவியேசன் நிறுவனத்தைச் சேர்ந்த ஓவன் மொக்கும் ஐ.பி.எம். 704 கணினிக்கென ஒரு முறைமையை ஆக்கினர். பல வேலைகள் ஒரே நாடாவில் அடுக்கப்பட்டன. ஒன்று முடிந்ததும் மனிதர் கை படாமலே அடுத்தது தொடங்கிற்று. பொறி பயனடைந்தது, நிரலாளர் அடைந்தாரல்லர். ஒரு குறி பிழைத்தாலும், திருத்திய நிரலை மீளக் கொடுத்து, அடுத்த கட்டு முடியும்வரை அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. பொறியின் காத்திருப்பு மனிதனின் தலையில் ஏற்றப்பட்டது என்றே கூறவேண்டும்.

அடுத்துக் கண்ணிற்பட்ட இழப்பு பொறிக்குள்ளேயே இருந்தது. செயலி கணிக்கும் விரைவுக்கு நாடாவும் அச்சுப்பொறியும் ஈடுகொடுக்கவில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்திலே ரொம் கில்பேண் தலைமையில், பெராண்டி நிறுவனத்தின் துணையோடு உருவாகி, 1962 டிசெம்பர் 7ஆந் தேதி தொடக்கிவைக்கப்பட்ட அற்லஸ் கணினி இதற்குச் சிறந்த விடையைத் தந்தது. டேவிட் ஹோவார்த்தும் அவருடன் உழைத்தோரும் ஆக்கிய அதன் மேற்பார்வை நிரல், பல வேலைகளை ஒருங்கே ஏற்றுக்கொண்டு, ஒன்று நாடாவுக்காகக் காத்திருக்கும்போது மற்றொன்றைச் செயலிக்கு அளித்தது. பணிசெயல் முறைமைகளின் வரலாற்றில் இதனினும் சிறந்த முன்னேற்றம் பிறிதில்லை எனப் பிற்காலத்தே பிரிஞ்ச் ஹான்சன் மதிப்பிட்டமை மிகையன்று.

ஆயினும் பல வேலைகளுக்குப் பேரளவான நினைவகம் வேண்டும். அற்லசின் விரைவு நினைவகம் 16,384 சொற்களையே கொண்டது; அதன் காந்த உருளைகளோ 98,304 சொற்களைக் கொண்டன. இவ்விரண்டையும் ஒரே நினைவகமாக நிரலாளர் கருதுமாறு செய்ததே அற்லசின் அருஞ்செயல். நினைவகம் முழுவதும் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக வகுக்கப்பட்டது. வேண்டிய பக்கம் விரைவு நினைவகத்தில் இல்லையாயின், முறைமையே அதனை உருளையிலிருந்து கொணரும். எப்பக்கத்தை வெளியேற்றுவது என்பதை, ஒவ்வொரு பக்கமும் முன்னர்ப் பயன்பட்ட வகையை நோக்கித் தானே துணியும். இதுவே பின்னாளில் மெய்நிகர் நினைவகம் எனப் பெயர் பெற்றது. இங்கே நுணுகி நோக்கற்பாலது ஒன்றுண்டு. விரைவு நினைவகத்தில் இருந்த 32 பக்க இடங்களுள் ஒன்று எப்பொழுதும் வெறுமையாகவே வைக்கப்பட்டது. புதிய பக்கம் வருங்கால் முதலில் இடம் ஒழித்துக்கொண்டிராது, உடனே அதனை ஏற்றற்கு அவ்வேற்பாடு. சொல்லொன்றும் பெறுமதியாயிருந்த அக்காலத்தில், முப்பத்திரண்டில் ஒருபங்கை வெறிதே விடத் துணிந்தவர்கள் விரைவின் இயல்பை உணர்ந்தவர்களாதல் வேண்டும்.

இதே காலத்தில் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்திலே நிரலாளரின் காத்திருப்பைத் தீர்க்கும் முயற்சி நிகழ்ந்தது. நேரப்பகிர்வு பற்றி ஜோன் மக்கார்தி 1959இன் தொடக்கத்தில் எழுதிய குறிப்பை அடியொற்றி, 1961 நவம்பரில் பெர்னாண்டோ கோர்பட்டோ அம்முறையை இயக்கிக் காட்டினார். பலர் ஒருங்கே அமர்ந்து ஒரு பொறியைத் தத்தமக்கே உரியதுபோற் கையாளும் நிலை உருவாயிற்று.

நேரப்பகிர்வும் மெய்நிகர் நினைவகமும் ஒன்றுசேர்ந்தபோதே எதிர்பாராத இடர் தோன்றியது. பயன்படுத்துவோர் சிலராயிருக்கும்வரை முறைமை செவ்வனே ஓடும். ஓரெல்லையைக் கடந்து மேலும் ஒருவர் சேர்ந்ததும் எல்லாருடைய வேலையும் ஒருசேரப் படுத்துவிடும். படிப்படியான தளர்ச்சியன்று இது, திடீர் வீழ்ச்சி. ஐ.பி.எம். 360 வரிசையின் 67ஆம் மாதிரிக்கென எழுந்த ரி.எஸ்.எஸ். முறைமையும் தொடக்கத்தில் மிகத் தளர்ந்தே தொழிற்பட்டது. மெய்நிகர் நினைவகம் என்னும் கருத்தே பிழையோ என்ற ஐயம் அறிஞரிடையே எழலாயிற்று. பல ஆண்டு உழைப்பும் பெரும்பொருளும் அவ்வையத்தின்மேல் ஊசலாடின.

இவ்வீழ்ச்சியின் காரணத்தை ஒரு சிறு கணக்காற் காட்டலாம். அற்லசின் விரைவு நினைவகம் ஏறக்குறைய 2 மைக்கிரோசெக்கனில் விடை தரும். உருளையிலே வேண்டிய பக்கம் சுழன்று வருதற்குச் சராசரி 6 மில்லிசெக்கன் செல்லும். ஒன்று மற்றதனினும் 3,000 மடங்கு. எனவே, நினைவகத்தை 3,000 தடவை நாடுமிடத்து ஒருதடவையே பக்கம் இல்லாது போயினும், அந்நிரலின் நேரத்திற் பாதி காத்திருப்பில் ஒழியும். நிரல்கள் பலவாகி இடம் போதாதபோது, ஒவ்வொன்றும் தன் பக்கத்தைக் கொணர்தற்கு மற்றொன்றின் பக்கத்தை வெளியேற்றும். வெளியேற்றப்பட்டது அடுத்த நொடியே வேண்டப்படும். உருளை ஓயாது சுழல, செயலி வாளாவிருக்கும். செயலி ஓய்ந்திருப்பதைக் கண்ட முறைமை, வேலை போதவில்லை எனக் கருதி இன்னொரு நிரலையும் உள்ளே விடுமாயின், கேடு முற்றுப்பெறும். 'திராசிங்' என ஆங்கிலேயர் இதற்கிட்ட பெயர் அடித்துப் புரளுதலைக் குறிப்பது, பொருத்தமான பெயரே.

எப்பக்கத்தை வெளியேற்றுவது என்னும் விதியைத் திருத்தினால் நோய் தீரும் எனப் பலர் நம்பினர். ஐ.பி.எம். ஆய்வாளர் லஸ்லோ பெலாடி 1966இல் வெளியிட்ட கட்டுரையில் அத்தகைய விதிகள் பலவற்றை ஒப்புநோக்கினார். எல்லாவற்றிலும் சிறந்த விதி, இனி மிகத் தொலைவிலே வேண்டப்படும் பக்கத்தை வெளியேற்றுவதாம்; வருவதை அறியாத முறைமைக்கு அது கைகூடாது. 1969இல் அவரும் இருவரும் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. முதலில் வந்ததை முதலில் வெளியேற்றும் விதியின்கீழ், நினைவகத்தைக் கூட்டினாலும் விரைவு குறைதல் கூடும். ஐந்து பக்கங்களைப் பன்னிரண்டு தடவை நாடும் ஒரு வரிசையில், மூன்று இடமிருந்தால் 9 தடவை பக்கமின்மை நேரும்; நான்கு இடமிருந்தால் 10 தடவை நேரும்.

நோயின் வேரைக் கண்டவர் பீற்றர் டெனிங். மசசூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தின் ஆய்வு மாணவராயிருந்த அவர், 1967இல் ஒரு மாநாட்டிற் படித்து 1968இல் வெளியிட்ட கட்டுரையிலே, நிரலொன்று தன் பக்கங்கள் எல்லாவற்றையும் ஒருங்கே வேண்டுவதில்லை என்பதையும், எக்காலத்தும் சிலவற்றைச் சுற்றியே அது நிற்கும் என்பதையும் அடிப்படையாகக் கொண்டார். அண்மைக் காலப்பகுதியொன்றில் நிரல் நாடிய பக்கங்களின் தொகுதியை அதன் 'தொழிற்றொகுதி' எனலாம். அத்தொகுதி முழுவதற்கும் இடமிருந்தாலன்றி அந்நிரலைத் தொடங்கவே கூடாது என்பது டெனிங் வகுத்த விதி. போட்ட இலைக்கு மேல் ஆளிருத்தாத பந்தி போல்வது இது. ஓரிலையில் இருவரை இருத்தினால் விருந்து விரைவில் முடிவதில்லை. அடுத்த பந்திக்கு நிறுத்தினாலே முடியும். வெளியேற்றும் விதியை மாத்திரம் ஆராய்ந்தோர் தவறவிட்டது இதனையே. எதனை வெளியேற்றுவது என்பதன்று வினா. யாரை உள்ளே விடாதிருப்பது என்பதே வினா. நிரல்களின் எண்ணிக்கை குறைய, முடிக்கப்படும் வேலை கூடிற்று. மெய்நிகர் நினைவகத்தின்மேற் படிந்த ஐயமும் இதனால் நீங்கத் தொடங்கிற்று.

இனி யுனிக்சின் வரலாறு. பெல் ஆய்வகத்திலே கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் 1969இல் தொடங்கிய இம்முறைமை, விரைவினும் எளிமையையே விரும்பியது. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தார் 1979இல் வாக்ஸ் கணினிக்கென அதற்கு மெய்நிகர் நினைவகத்தைச் சேர்த்தனர். சிறிது காலத்தில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமும் இம்முறைமையைத் தன் ஆய்வாளர்க்கெனத் தெரிந்தெடுத்தது. அந்நிலையில் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் கஷ்ரன், வாக்ஸ் கணினிக்கு அதனை ஆக்கியோர் தந்த வி.எம்.எஸ். முறைமையோடு யுனிக்சை அளந்து ஒப்பிட்டு, யுனிக்ஸ் பெரிதும் பின்னடைவதாக எழுதினார். பேர்க்கிலியில் அம்முறைமையை ஆக்கியோருள் முதல்வரான பில் ஜோய், பிற வேலைகளைச் சில மாதம் ஒதுக்கிவைத்து, முறைமையின் கருப்பகுதியை ஒழுங்காக அளந்து திருத்தலானார். சில வாரங்களிலேயே, கஷ்ரனின் சோதனைகள் யுனிக்சிலும் அதேயளவு விரைவாக ஓடக்கூடும் என்று மறுமொழி எழுதினார். குறை சொன்னவரை மறுத்து வாதிடுவதற்குமுன் அவர் காட்டிய குறையைத் தீர்த்தது இங்கே பாராட்டற்குரியது. அத்திருத்தங்கள் 1981இல் 4.1 பதிப்பாக வெளிவந்தன.

எனினும் வட்டு தளர்ந்தே இருந்தது. பழைய யுனிக்ஸ் கோப்பு முறைமை கோப்புகளை 512 பைற்றுத் துண்டங்களாக வட்டில் எழுதிற்று. கோப்பின் விவரக்குறிப்பு ஓரிடத்தில், அதன் உள்ளடக்கம் தொலைவில்; படிக்குங்கை முன்னும் பின்னும் ஓடியே களைத்தது. வட்டு தரக்கூடிய விரைவிலே நூற்றுக்கு 2 பங்கே கிடைத்தது. துண்டத்தை 1,024 பைற்றாக்கியபோது விரைவு இருமடங்கினும் மிக்கது. ஆயினும் புதிதாக அமைத்தபோது செக்கனுக்கு 175 கிலோபைற்றாயிருந்த விரைவு, சில வாரம் பயன்பட்டதும் 30 ஆகத் தாழ்ந்தது. காரணம் யாதெனின், வெற்றுத் துண்டங்களின் பட்டியல் நாளடைவிற் கலைந்து, ஒரு கோப்பின் துண்டங்கள் வட்டெங்கும் சிதறியமையே.

மார்ஷல் மக்கியூசிக், ஜோய், லெவ்லர், பாப்ரி என்னும் நால்வர் இதனைத் திருத்தியமைத்து, 1984இல் கட்டுரையாக வெளியிட்டனர். துண்டம் குறைந்தது 4,096 பைற்றாயிற்று. சிறு கோப்புகள் மலிந்த யுனிக்சிலே இதனால் வட்டிடத்தில் நூற்றுக்கு 45.6 வீணாகும் எனக் கண்டு, கோப்பின் கடைப்பகுதியைச் சிறுகூறுகளில் வைக்க வழிசெய்தனர். வட்டினை அயற்றடங்களின் தொகுதிகளாகப் பிரித்து, கோப்பின் குறிப்பையும் உள்ளடக்கத்தையும் ஒரே தொகுதியில் வைத்தனர். இவ்வொழுங்கு நிலைத்தற்கு வெற்றிடம் வேண்டும். வெற்றிடம் அறவே ஒழியின் விரைவு பாதியாகும் என்று கண்டமையால், வட்டிலே பத்திலொரு பங்கைப் பொதுப் பயனாளர் தொடாதவாறு ஒதுக்கினர். விரைவு நூற்றுக்கு 47 பங்குவரை உயர்ந்தது. வாங்கிய வட்டிற் பத்திலொரு பங்கைப் பூட்டிவைத்து விரைவைப் பெறுதல் அன்று பலருக்கு விந்தையாகத் தோன்றியிருத்தல் கூடும். அற்லசை ஆக்கியோருக்குத் தோன்றியிராது.

இக்கோப்பு முறைமையோடு 1983இல் வெளிவந்த 4.2 பதிப்பும் மந்தமானது என்ற பழியினின்று தப்பவில்லை. புதிதாகச் சேர்ந்த வசதிகள் அளந்து திருத்தப்படாமையே காரணம். மக்கியூசிக்கும் மைக்கேல் காரல்சும் அத்திருத்தத்துக்கே ஓராண்டைச் செலவிட்டனர்; 4.3 பதிப்பு 1986இலே வெளிவந்தது. வட்டினைத் தொகுதிகளாகப் பிரிக்கும் முறை 1990ஆம் ஆண்டுகளில் லினக்சின் கோப்பு முறைமைக்கும் சென்றது. அங்கே ஒதுக்கப்படும் வெற்றிடம் வழமையாக நூற்றுக்கு 5. சுழலும் தட்டும் ஓடுங்கையும் இல்லாத இக்காலத் திண்மநிலைச் சேமிப்பகங்களிலும், எழுதுமுன் பழையதை அழித்தே ஆகவேண்டியிருத்தலால், பயனாளர் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பகுதியை ஆக்குவோர் வெறுமையாகவே விட்டுவைக்கின்றனர்.