மடிக்கணினியும் பற்றாசுப் புள்ளியும்

மடிக்கணினி வைத்திருப்போரிடையே ஒரு பேச்சு உண்டு. “உத்தரவாதம் முடிகிற நாளை உள்ளேயே எழுதி வைத்து விடுகிறார்கள், அந்த நாள் கழிந்த மறுமாதம் அது படுத்துவிடும்” என்பார்கள். வாசகர்களே, நீங்களும் இதைக் கேட்டிருப்பீர்கள், சொல்லியும் இருப்பீர்கள். நாள் குறிக்கும் அத்தகைய கருவி எதுவும் உள்ளே இல்லை. ஆனால் வேறொரு கடிகாரம் உள்ளே ஓடிக் கொண்டுதான் இருக்கிறது. அது எண்ணுவது சூடேறி ஆறும் தடவைகளை. அந்தக் கடிகாரம் இருக்குமிடம், உலோகத்தோடு உலோகத்தை ஒட்டவைக்கும் பற்றாசு இணைப்பு. சென்ற இருபது ஆண்டுகளில் பெருந்தொகையான மடிக்கணினிகள் ஒருமுறை பழுதாகி, செப்பனிடப்பட்டு, மீண்டும் அதே பழுதுக்கு ஆளான வரலாற்றை இந்தக் கடிகாரத்தை விட்டுவிட்டுச் சொல்ல இயலாது.

மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து இப்படியும் அப்படியும் மடக்கிப் பாருங்கள். முதல் மடக்கில் அது ஒடிவதில்லை. பத்தாவது, பதினைந்தாவது மடக்கில் ஒடிகிறது. கடைசி மடக்குக்கு நீங்கள் கூடுதல் விசை எதுவும் தரவில்லை; இருந்தும் ஒடிந்தது. இதனை உலோகச் சோர்வு என்பர். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரஷ்ய இரயில்வேயில் பணியாற்றிய ஆகஸ்ட் வோலர் என்ற பொறியாளர், தாங்கக் கூடிய சுமையிலேயே இரயில் அச்சுகள் முறிவதைக் கண்டு, மாதிரித் துண்டுகளைத் திரும்பத் திரும்ப வளைக்கும் பொறிகளை அமைத்து இதனை ஆராய்ந்தார். எவ்வளவு சுமை என்பதோடு எத்தனை தடவை என்பதும் முக்கியம் என்று அவர் காட்டினார்.

கையால் மடக்கித்தான் சோர்வு உண்டாக வேண்டும் என்பதில்லை. வெப்பமும் அதே வேலையைச் செய்யும். 1950-களில் அமெரிக்காவில் காஃபின், மேன்சன் என்ற இருவரும் தனித்தனியே இதற்கு ஒரு கணக்கைத் தந்தனர். ஒவ்வொரு தடவையும் உலோகம் நிலையாக உருமாறும் அளவு பாதியானால், அது முறியுமுன் தாங்கும் தடவைகள் ஏறக்குறைய நான்கு மடங்காகும். இந்த ‘நான்கு மடங்கை’ நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி கணினிக்குள் செல்வோம். திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் சில்லு இரண்டு மாடிக் கட்டடம் போன்றது. மேல்மாடியில் சிலிக்கான் துண்டு கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அதன் அடியில் மயிரிழை அளவான நூற்றுக்கணக்கான பற்றாசுப் புள்ளிகள் உண்டு. அவை சிலிக்கானை ஒரு சிறு பிசின் பலகையோடு இணைக்கின்றன. கீழ்மாடியில், அந்தச் சிறு பலகையின் அடிப்புறம், சற்றுப் பெரிய பற்றாசு உருண்டைகள் உள்ளன. அவை அதனைக் கணினியின் தாய்ப்பலகையோடு இணைக்கின்றன. மேலே புள்ளிகள், கீழே உருண்டைகள்: இந்த வேறுபாடு தெரியாததால் பலருடைய பணம் வீணாயிற்று.

மேல்மாடியில் ஒரு பொருந்தாத் திருமணம் நடந்திருக்கிறது. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் சிலிக்கான் பத்து லட்சத்தில் சுமார் 3 பங்கு நீளும். பிசின் பலகையோ சுமார் 16 பங்கு நீளும். சில்லு 1 செ.மீ. சதுரம் என்று கொள்வோம். நடுவிலிருந்து விளிம்பு 5 மி.மீ. அறை வெப்பமான 30 டிகிரி செல்சியசிலிருந்து 90-க்குச் சென்றால் உயர்வு 60 டிகிரி. 13 பங்கு வேறுபாட்டை 60-ஆலும் 5 மி.மீட்டராலும் பெருக்கினால் கிடைப்பது 0.0039 மி.மீ., அதாவது ஏறத்தாழ 4 மைக்ரான். இது ஒரு பொருட்டா என்று கேட்பீர்கள். பற்றாசுப் புள்ளியின் உயரமே சுமார் 100 மைக்ரான்தான். ஆக, விளிம்பிலுள்ள புள்ளி ஒவ்வொரு தடவையும் தன் உயரத்தில் 4 விழுக்காடு அளவு சாய்க்கப்படுகிறது. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான சாய்விலேயே பற்றாசு தன் பழைய வடிவை இழந்துவிடும். கம்பியை மடக்குவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

இதனை அறியாதவர்களா பொறியாளர்கள்? அறிந்தவர்களே. எனவேதான் புள்ளிகளுக்கிடையே ஒருவகைப் பிசினை ஊற்றி இறுக விடுகிறார்கள். சிலிக்கானையும் பலகையையும் அது ஒன்றாகக் கட்டிப் போட்டு, சாய்வைப் பகிர்ந்து கொள்கிறது. ஆனால் எந்தப் பிசினும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் விறைப்பை இழந்து ரப்பர் போல் தளரும். சில்லு வேலை செய்யும் வெப்பநிலைக்குள்ளேயே அந்த எல்லை அமைந்துவிட்டால், மிகத் தேவையான நேரத்தில் காவலாள் தூங்கிவிடுகிறான்.

மேசைக் கணினியைக் காலையில் போட்டால் மாலையில் அணைப்போம். நாளுக்கு ஒன்றிரண்டு தடவைதான் அது சூடேறி ஆறும். மடிக்கணினியின் கதை வேறு. வகுப்புக்கு வகுப்பு மூடுகிறோம், திறக்கிறோம். மின்கலத்தில் ஓட்டுகிறோம், மின்னிணைப்பில் செருகுகிறோம். நாளுக்கு எட்டுத் தடவை என்று வைத்தாலும் ஆண்டுக்கு 2,920 ஆகிறது. உள்ளே இருப்பதோ மெல்லிய வெப்பக் கடத்தியும் உள்ளங்கையில் அடங்கும் விசிறியும். முதலில் மடிக்கணினியே விழுந்ததில் வியப்பில்லை.

பற்றாசுப் பழுதை ஆய்வுக்கூடத்தில் வைத்தே வழக்கைத் தீர்த்த பெருமை டென்மார்க்குக்கு உண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் ‘ஐபுக் ஜி4’ மடிக்கணினிகள் ஓராண்டு கடந்ததும் திடீரென நின்றுபோவதாக அந்நாட்டு நுகர்வோர் புகார்க் குழுவிடம் முறையீடுகள் வந்தன. அதற்கு முந்திய ‘ஐபுக்’ மாதிரிகளில் சிலவற்றுக்கு 2004 ஜனவரியில் அந்நிறுவனமே இலவசப் பலகை மாற்றத்தை அறிவித்திருந்தது. ஜி4-க்கு அத்தகைய அறிவிப்பில்லை. புகார்க் குழு வெளி ஆய்வுக்கூடம் ஒன்றிடம் கணினியை ஒப்படைத்தது. உட்பாகம் ஒன்றின் பற்றாசு இணைப்பு, கணினியைப் போட்டு அணைக்கும் தடவைகளால் மெல்ல விண்டு போனதென 2007-இல் முடிவு வெளியாயிற்று. பயன்படுத்தியவரின் கவனக்குறைவு அன்று, பொருளிலேயே இருந்த குறை அது என்பது இதன் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1999-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி விற்றவர் இரண்டாண்டுக்குப் பொறுப்பு என்பதால், ஓராண்டு உத்தரவாதம் முடிந்த பின்னும் இந்த முடிவுக்கு மதிப்பிருந்தது.

அடுத்த ஆண்டே இதைவிடப் பெரிய இடி விழுந்தது. 2008 ஜூலை 2-ஆம் நாள், கிராபிக்ஸ் சில்லு செய்யும் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளுக்காகத் தான் செய்த முந்திய தலைமுறைச் சில்லுகள் சிலவற்றில் சிலிக்கானையும் அதன் பொதிவையும் சேர்க்கும் பொருள்கள் வலுக்குறைந்தவை என ஒப்புக்கொண்டது. அதற்காக ஒதுக்கிய தொகை 19 கோடியே 60 லட்சம் டாலர். பின்வந்த ஆண்டுகளில் மேலும் சேர்க்க நேர்ந்தது. கணினியின் அமைப்பும் பயன்படுத்துவோரின் பழக்கமும்கூடக் காரணமாகலாம் என்று அந்த அறிக்கை சேர்த்துக் கொண்டது. மடிக்கணினியைத் திறந்து மூடுவதை ஒரு ‘பழக்கம்’ என்று சொல்லலாமா என்பதை உங்கள் தீர்ப்புக்கே விடுகிறேன்.

பழுதின் அறிகுறிகள் எங்கும் ஒன்றே: திரையில் கோடுகள், சிதறிய எழுத்துகள், பிறகு கருந்திரை. விசிறி சுற்றும், விளக்கு எரியும், படம் மட்டும் வராது. டெல், எச்.பி., ஆப்பிள் ஆகிய மூன்று நிறுவனங்களின் கணினிகளும் இதற்கு ஆளாயின. டெல் முதலில் செய்தது ஒரு மென்பொருள் மாற்றம். விசிறி முன்னதாகவே சுழலத் தொடங்கி, வெப்பநிலை ஏறி இறங்கும் அளவு குறையும்படி செய்தனர். நினைவில் வைக்கச் சொன்ன ‘நான்கு மடங்கு’ இங்கே வருகிறது. ஏற்ற இறக்கம் குறைந்தால் சாய்வு குறையும். சாய்வு குறைந்தால் ஆயுள் பன்மடங்காகும். இயற்பியலின்படி இது சரியான மருந்து. ஆனால் ஏற்கெனவே விழுந்த வெடிப்பை அது ஒட்டாது. சாவை உத்தரவாத எல்லைக்கு அப்பால் தள்ளி வைக்கும் தந்திரம் இது என்று அன்றே பலர் குறை கூறினர். பின்னர் டெல் உத்தரவாதத்தை ஓராண்டு நீட்டியது. தன் கணினிகளுக்குப் பாதிப்பில்லை என என்விடியா உறுதி கூறியதாகவும், சொந்த ஆய்வில் அவ்வாறில்லை எனக் கண்டதாகவும் ஆப்பிள் 2008 அக்டோபரில் அறிவித்து, இலவசமாகச் செப்பனிட முன்வந்தது.

அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கு 2010 டிசம்பரில் உடன்பாட்டில் முடிந்தது. டெல், ஆப்பிள் உரிமையாளர்களுக்குச் சில்லோ பலகையோ மாற்றித் தரப்பட்டது. எச்.பி. உரிமையாளர் பலருக்கு அவர்களுடைய விலையுயர்ந்த கணினிக்குப் பதிலாக மலிவான காம்பாக் கணினி ஒன்று கிடைத்தது. அதை எதிர்த்தும் முறையிட்டனர். அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு மட்டுமே இந்த உடன்பாடு. அதே மாதிரியை இங்கே வாங்கியவருக்கு இதில் இடமில்லை. அவர் செல்ல வேண்டிய இடம் பழுது பார்க்கும் கடை.

கடையில் என்ன நடந்தது? மூன்று வகை மருத்துவம் நடந்தது. இதை நாம் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

முதலாவது, சூடேற்றல். வீட்டு அடுப்பில் பலகையைச் சுமார் 200 டிகிரியில் சில நிமிடம் ‘வேக வைத்தவர்கள்’ உலகெங்கும் உண்டு. கணினி பிழைத்தும் எழுந்தது! சில வாரத்தில் மீண்டும் படுத்தது. ஏன்? அக்காலத்து என்விடியா சில்லுகளின் மேல்மாடிப் புள்ளிகள் ஈயம் மிகுந்தவை. அவை உருக 300 டிகிரிக்கு மேல் வேண்டும். கீழ்மாடியின் ஈயமில்லா உருண்டைகள் உருகவே ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். 200 டிகிரியில் எதுவுமே உருகவில்லை! வெப்பத்தால் பொருள்கள் விரிந்து, பிசின் தளர்ந்து, விண்டுபோன இரு முகங்களும் தற்காலிகமாக ஒன்றையொன்று தொட்டன; அவ்வளவே. அடுப்பில் வைத்தவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனமில்லை. பல்லாயிரம் ரூபாய்ப் பொருள் கையில் செத்துக் கிடக்கும்போது மனிதன் எதையும் செய்து பார்ப்பான். ஆனால் சமைக்கும் அடுப்பில் ஈயம் கலந்த பொருளைச் சுடுவது உடலுக்குக் கேடு என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாவது, கடைக்காரர்கள் ‘ரீபாலிங்’ என்பது. சில்லைச் சூடான காற்றால் பெயர்த்து, கீழ்மாடி உருண்டைகளைச் சுரண்டி, புதிய உருண்டைகள் இட்டு மீண்டும் பொருத்துவார்கள். நுணுக்கமான கைவேலை, கூலியும் அதிகம். “2006-இல் ஐரோப்பா ஈயத்தைத் தடை செய்தது, ஈயமில்லாப் பற்றாசு எளிதில் வெடிக்கும், அதனால் ஈய உருண்டை வைத்துத் தருகிறோம்” என்று காரணமும் சொல்வார்கள். தடை உண்மை, அது 2006 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஈயம் 85 விழுக்காட்டுக்கு மேலுள்ள பற்றாசுக்கு அதில் விலக்கு உண்டு. இந்தச் சில்லில் விண்டு போனவையோ ஈயம் மிகுந்த மேல்மாடிப் புள்ளிகள். மேல்மாடியில் ஒழுக, கீழ்மாடித் தரையைப் பெயர்த்துப் போட்டது போலாயிற்று. வேலையின்போது ஏறிய வெப்பத்தால் மேல்மாடியில் தற்காலிகத் தொடுகை உண்டாகி, கணினி சில மாதம் ஓடியது. புகழ் உருண்டைகளுக்குச் சென்றது. கீழ்மாடியே விண்டிருக்கும் கணினிகளுக்கு இந்த வேலை நல்ல மருந்துதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, சில்லையே மாற்றுதல். இதுதான் நேரான வழி. ஆனால் மாற்றுச் சில்லும் அதே பழைய பொருள்களால் ஆனதென்றால், கடிகாரம் சுழியிலிருந்து மீண்டும் ஓடத் தொடங்குகிறது. உத்தரவாதத்தின் பேரில் பலகையை மாற்றிப் பெற்றவர்களுக்கும் இரண்டாம் முறை, மூன்றாம் முறை பழுது வந்ததன் காரணம் இதுவே. தேர்ந்த கைகாரர்கள் விரைவில் ஒன்றைக் கற்றுக் கொண்டனர். சில்லின் முதுகில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும்: 0738 என்றால் 2007-ஆம் ஆண்டின் 38-ஆம் வாரம். பொருள்களை மாற்றிய பின் செய்த சில்லா என்று அதைப் படித்துத் தெரிந்து கொண்டே வாங்கினர்.

இந்த வரலாறு 2008-உடன் நிற்கவில்லை. 2011-ஆம் ஆண்டு மேக்புக் ப்ரோ கணினிகளில், இம்முறை வேறொரு நிறுவனத்தின் கிராபிக்ஸ் சில்லோடு, கோடுகளும் கருந்திரையும் மீண்டும் தோன்றின. ஆப்பிள் இலவசச் செப்பனிடலை அறிவித்தது 2015 பிப்ரவரியில். ஏற்கெனவே பணம் கொடுத்தவர்களுக்கு அதைத் திருப்பவும் செய்தது. நான்காண்டு காத்திருக்காமல் பழைய கணினியைக் குப்பைக்கு அனுப்பியவர்களுக்கு அது பயன்படவில்லை.

சட்டமும் மெல்ல அசைந்தது. 2022 ஜூலையில் இந்திய நுகர்வோர் நலத்துறை, பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராயக் குழு அமைத்தது. கலிபோர்னியாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம், 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுப் பொருள்களுக்கு ஏழாண்டு வரை உதிரிப் பாகங்களும் கருவிகளும் குறிப்பேடுகளும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. பாகம் கிடைப்பது பாதி வேலை. அந்தப் பாகம் எந்த வாரத்தில், எந்தப் பொருளால் செய்யப்பட்டது என்ற கேள்வி மறுபாதி. அதைச் சட்டம் கேட்கவில்லை.

உங்கள் கணினி உத்தரவாதம் கடந்தபின் கருந்திரை காட்டினால், கூலி பேசுமுன் கடைக்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள்: சூடேற்றப் போகிறாரா, உருண்டை மாற்றப் போகிறாரா, சில்லை மாற்றப் போகிறாரா? மூன்றில் எதைச் செய்தாரோ அதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். சில்லை மாற்றியிருந்தால் பழைய சில்லையும் கேட்டு வாங்கி, அதன் முதுகிலுள்ள நான்கு இலக்கத்தைப் படித்துப் பாருங்கள்.