முறுக்கும் வைரமும்: ஒல்லி உடம்புக்குக் கரிசல் வச்ச ரெண்டு பேர்

இந்த எபிசோட்ல ராஜாவும் கிடையாது, போரும் கிடையாது. ஒரு பெயரடையோட கதை.

ஆங்கிலத்துல 'வயரி'ன்னு சொல்வாங்க. ஆள் ஒல்லி, ஆனா மணிக்கட்டைப் பிடிச்சா கம்பி மாதிரி இருக்கும். கோவில்பட்டிப் பக்கம் இதுக்கு என்ன சொல்லணும்னா, முதல்ல ஆளோட வயசு தெரியணும். இளவட்டம்னா 'முறுக்கேறின உடம்பு'. அறுபது தாண்டினவர்னா 'வைரம் பாஞ்ச கட்டை'. மாத்திச் சொன்னா காதுல இடிக்கும்.

முறுக்குன்னா திரிக்கிறது. கரிசல் பருத்தி பூமி. கருங்கண்ணிப் பருத்தி இந்த மண்ணுக்கே உரியது. பஞ்சை அப்படியே பிடிச்சு இழுத்தா கையோட பிய்ஞ்சு வந்துடும். அதையே முறுக்கினா நூல். இழைகள் ஒண்ணை ஒண்ணு நெருக்கிப் பிடிக்குது, அந்த உராய்வுதான் பலம். கவனிங்க, புதுசா எதையும் சேர்க்கலை. எடை அதே எடைதான். பருமன் குறையுது, பலம் ஏறுது. ஒல்லியான பலத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த ஃபிட்னஸ் சேனல்லயும் நான் பார்த்ததில்ல. ஆனா ஒரு அளவுக்கு மேல முறுக்கினா நூல் தானா சுருண்டுக்கும், இழுத்தா அறுந்துடும். இதுவும் நம்ம பேச்சுல இருக்கு: "அவன் ரொம்பத்தான் முறுக்கிக்கிறான்."

வைரம் பருத்தியில இருந்து வரலை, மரத்துல இருந்து வந்தது. மரத்தை வெட்டினா நடுவுல கறுப்பா, கெட்டியா இருக்கே, அதுதான். இதுக்கு இன்னொரு பழைய பேர் காழ். தொல்காப்பியத்தோட மரபியல், காழ் எங்க இருக்குன்னு பார்த்தே தாவரங்களைப் பிரிக்குது. வெளியே கெட்டியா இருந்தா புல், உள்ளே கெட்டியா இருந்தா மரம். அந்தக் கணக்குல பனை ஒரு புல்! சிரிக்காதீங்க, இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோட சேர்த்து ஒருவித்திலைத் தாவரம்னுதான் வச்சிருக்கு. கரிசல்காட்டுல ரெண்டு வகையும் நிக்குது. பனையோட வெளிக்கட்டை கூரைக்குப் போச்சு. கருவேலத்தோட உள்கட்டை கலப்பைக்கும் வண்டிக்கும் போச்சு.

'பாயுறது'ங்கிற வினையையும் பாருங்க. உள்ளே இருக்கிற பழைய செல்கள் செத்துப்போய், அங்க பிசினும் டானினும் படிஞ்சு இறுகுது. தண்ணி ஏறுறதெல்லாம் வெளியே இருக்கிற வெள்ளைப் பகுதியிலதான். இதுக்கு வருஷக்கணக்காகும். அதனால இருபத்தஞ்சு வயசுல வைரம் பாயாது, ஜிம்முக்கு எவ்வளவு பணம் கட்டினாலும் சரி.

இந்தச் சொல்மேல எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. உழைச்சு இளைச்ச உடம்பையும் சாப்பாடில்லாம இளைச்ச உடம்பையும் அது பிரிச்சுப் பார்க்காது. மழை ஏமாத்தினா வெள்ளாமை இல்லாத மானாவாரி பூமியில, இது சின்ன விஷயம் இல்ல. 1876–78ல தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்துல நிவாரண வேலைக்கு வந்தவங்க கூலியை 1877 ஜனவரியில சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைச்சார். ஆண் ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஓரணா. ஒரு பவுண்டுன்னா சுமார் 450 கிராம். அதை வச்சுக்கிட்டு மண் வெட்டணும், கல் உடைக்கணும். மாகாணத்தோட சுகாதார ஆணையர் கார்னிஷ், உழைக்கிற உடம்புக்கு இது பத்தாதுன்னு எதிர்த்து எழுதினார். அப்புறம்தான் கூலியைக் கூட்டினாங்க. அதுக்குள்ள மாசக்கணக்குல போயிருந்தது. மெலிஞ்ச ஒரு உடம்பு இன்னும் எவ்வளவு தாங்கும்னு பக்கத்துல நிக்காத ஒருத்தர் முடிவு பண்ணினா என்ன ஆகும்ங்கிறதுக்கு அந்த மாசங்களே போதும். "அவருக்கென்ன, வைரம் பாஞ்ச கட்டை"ன்னு ஒரு கிழவர் தலையில இன்னொரு மூட்டையை ஏத்தும்போது எனக்கு இந்த 450 கிராம்தான் ஞாபகம் வரும்.

இன்னொண்ணு. இந்த ரெண்டு சொல்லும் பெண்கள் பக்கம் போறது அபூர்வம். பருத்தி எடுக்கிறது, களை எடுக்கிறது, தீப்பெட்டி ஆபீஸ் வேலை, பெரும்பாலும் அவங்கதான். அவங்களுக்குக் கிடைக்கிற பேர் 'வைராக்கியக்காரி'. கேட்க வைரம் மாதிரி இருந்தாலும் அது வேற சொல். வடமொழியில வைராக்யம்னா பற்றை விடுறது. தமிழ்ப் பேச்சுல அது பிடிச்ச பிடியை விடாததுன்னு ஆயிடுச்சு. அர்த்தம் நேர் தலைகீழ்! அப்பவும் பாராட்டு மனசுக்குத்தான் போகுது, நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிர்ற முதுகுக்கு இல்ல.

அந்த முதுகுக்குன்னு உங்க ஊர்ல ஒரு சொல் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. பாட்டி குரல்லயே வந்தா இன்னும் நல்லது.