கையெழுத்து யாருடையது? கல்லூரி ஆசிரியரும் நிர்வாகப் பொறுப்பும்



கல்லூரி ஆசிரியரின் வேலை என்ன என்று கேட்டால் பாடம் நடத்துவது என்போம். ஆனால் சேர்க்கைக் குழு, வருகைப்பதிவு, அகமதிப்பீட்டு மதிப்பெண், உதவித்தொகை விண்ணப்பம், விடுதி, மாற்றுச் சான்றிதழ் என ஒரு மாணவரைத் தொடும் ஒவ்வொரு தாளிலும் ஆசிரியர் ஒருவரின் பரிந்துரையோ கையெழுத்தோ இருக்கிறது. இவற்றை வேண்டாத சுமை என்று ஆசிரியர்கள் சலித்துக்கொள்வதுண்டு. தலித் மாணவர் கல்லூரியில் நிலைப்பதும் பாதியில் வெளியேறுவதும் பெருமளவு இந்தத் தாள்களில்தான் முடிவாகியிருக்கின்றன என்பதே இந்த நினைவுரையில் நாம் சொல்ல வருவது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து இதைப் பேசுவோம்.

நம் விருதுநகர் மாவட்டத்தின் பழைய கல்லூரிகள் சிலவற்றின் பெயர்ப்பலகையைப் படித்தாலே பாதி வரலாறு தெரிந்துவிடும். விருதுநகர் இந்து நாடார்கள் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-இல் தோன்றியது. அருப்புக்கோட்டையில் தேவாங்கர் கலைக் கல்லூரி 1970-இல் வந்தது. ராஜபாளையம் ராஜூக்கள் கல்லூரி 1973-இல் தொடங்கப்பட்டது. வணிகத்திலும் நிலத்திலும் நெசவிலும் ஆலையிலும் சேர்ந்த செல்வத்தைச் சமூகங்கள் கல்வியாக மாற்றிக்கொண்டன. அந்த உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலரும் அங்கே படித்துத்தான் மேலே வந்தார்கள். ஆனால் மகமை திரட்ட நம்மிடம் கடையும் இல்லை, எழுதிவைக்க நிலமும் இல்லை. மற்றவர்கள் கல்லூரிக்குள் நிறுவனர்களாக நுழைந்தார்கள். நாம் அரசாங்கத்தின் ஒரு விண்ணப்பத் தாளோடு நுழைந்தோம்.

அந்தத் தாளைப் பெற்றுத் தந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1942-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரான அவருடைய முயற்சியால், பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. அவரே கல்லூரி நிர்வாகத்தை உள்ளிருந்து அறிந்தவர். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் 1918-இல் பேராசிரியராகச் சேர்ந்தபோது, பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிப்பதைச் சக ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். அதே ஊரில் 1935-இல் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரானார். 1925-இல் சோலாப்பூரில் விடுதி திறக்க ஏற்பாடு செய்ததும், 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவியதும், 1946-இல் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்ததும் ஒரே வழியில் வந்தவை. வகுப்பறைக்குள் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. அதை நடத்தும் அறையிலும் நமக்கு நாற்காலி வேண்டும் என்பதை அவர் செயலில் காட்டினார்.

அந்த நாற்காலி நமக்கு ஏன் எளிதில் கிடைக்கவில்லை? தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1976-இல் வந்தது. நிர்வாகம் நினைத்தால் ஆசிரியரை வெளியேற்றலாம் என்றிருந்த நிலைக்கு எதிராக ஆசிரியர் சங்கங்கள் போராடிய காலம் அது. கல்லூரிக் குழுவில் முதல்வரோடு மூத்த ஆசிரியர்களும் இடம்பெற வேண்டும் என்று சட்டம் சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கான அளவுகோல் பணிமூப்பு. பணியில் தாமதமாக நுழைய விடப்பட்டவர்கள் பணிமூப்புப் பட்டியலிலும் பின்னால்தான் நிற்பார்கள். கடைசியாக உள்ளே வந்தவர் துறைத்தலைவராகும் முன்பே ஓய்வு வயது வந்துவிடுகிறது. யாரும் சாதிப் பெயரைச் சொல்லாமலே சாதி இப்படி வேலை செய்கிறது.

இதோடு ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். ராஜபாளையம் நீண்ட காலம் தனித்தொகுதியாக இருந்தது. 2008 தொகுதி மறுவரையறைக்குப் பின் அது பொதுத்தொகுதியாகி, ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதி ஆனது. சட்டமன்றத்துக்கு நம்மவர் போக அரசமைப்பு வழி செய்தது. அதே ஊரில் ஒரு கல்லூரியின் சேர்க்கைக் குழுவுக்குள் போவதற்கு அப்படியொரு உறுதி இல்லை.

இதன் விளைவு மாணவர் மேல் விழுகிறது. தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது விதி. நூற்பாலையில் இரவுப் பணி பார்த்துவிட்டுக் காலையில் பேருந்து பிடித்து வரும் மாணவருக்கு முதல் பாடவேளை தவறும். அந்தக் குறைவை மன்னிக்கப் பரிந்துரைக்கலாமா என்று முடிவெடுப்பவர் துறைத்தலைவர். மாணவரின் வீட்டு நிலை அவருக்குத் தெரிந்திருந்தால் அது ஒரு கையெழுத்தில் தீரும். தெரியாவிட்டால் ஓராண்டு போய்விடும்.

உதவித்தொகையும் அப்படித்தான். ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்று செலவைப் பகிரும் முறைக்கு 2020 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. அதன்பின் பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. ஆதார் எண் இணையாவிட்டாலோ, கல்லூரி இணையத்தில் சரிபார்க்கத் தாமதித்தாலோ பணம் நிற்கும். கட்டணம் கேட்கும் குரல் மட்டும் நிற்காது. ஹைதராபாத்தில் 2016 ஜனவரி 17 அன்று நாம் இழந்த ரோஹித் வெமுலாவுக்கு ஏழு மாத உதவித்தொகை வராமல் இருந்தது. விடுதியிலிருந்தும் அவர் நீக்கப்பட்டிருந்தார். இரண்டுமே கோப்புகளில் நடந்தவை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிமுறைகள் சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் கல்லூரிகளில் வேண்டும் என்றன. இத்தகைய பிரிவு பல இடங்களில் பலகையோடு நின்றுவிடுவதைப் பார்க்கிறோம். அதை இளைய தலித் ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, தேர்வு, நிதி, நியமனம் ஆகியவற்றை வேறு கைகளில் வைத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. நலப்பணி நமக்கு, அதிகாரம் பிறருக்கு என்ற இந்தப் பிரிவினை பழைய ஊர்–சேரிப் பிரிவினையின் தொடர்ச்சியே.

எனவே ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிர்வாகப் பொறுப்பை எழுத்தர் வேலை என்று ஒதுக்காதீர்கள். சேர்க்கைக் குழுவையும் தேர்வுக் குழுவையும் கேட்டு வாங்குங்கள். மாணவர்களே, உங்கள் கல்லூரியில் சமவாய்ப்புப் பிரிவின் பொறுப்பாளர் யார், அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, உங்கள் விண்ணப்பம் இன்று யாருடைய மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் பெறுங்கள். அரசு உதவிபெறும் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 உங்கள் கையில் இருக்கிறது.

கற்பி, ஒன்றுசேர், போராடு என்ற முழக்கத்தின் முதல் சொல்லை வகுப்பறையோடு நிறுத்திவிட்டோம். கல்லூரி அலுவலகத்தின் கதவையும் அது தட்டட்டும்.