பரம்பரையாக வந்த ஒலிக்கருவிக்கு என்ன விலை?

பரம்பரைச் சொத்தாக நகை வந்தால் உரைத்துப் பார்க்கலாம். நிலம் வந்தால் அளந்து பார்க்கலாம். இசைப் பிரியர் ஒருவர் விட்டுச் சென்ற உயர்தர ஒலிக்கருவிகளை விற்க முனையும் வாரிசுகளோ திகைத்து நிற்கின்றனர். பளபளக்கும் ஒரு கருவியை வாங்க ஆளில்லை. அதன் அருகே தூசி படிந்து கிடந்த மற்றொன்றுக்கு, வாங்கிய விலையைவிடப் பன்மடங்கு கிடைக்கிறது. இது ஏன்? இக்கருவிகள் பலவற்றின் தாயகமான இங்கிலாந்தின் வரலாற்றைப் பார்த்தால் விடை புலப்படும்.

மூன்று புகழ்பெற்ற கருவிகள்

நெடுநேரம் ஒலிக்கும் எல்.பி. இசைத்தட்டு 1948-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பழைய அரக்குத் தட்டைவிட அதில் இரைச்சல் குறைவு. நுண்ணிய ஒலிகளும் பதிவாயின. அவற்றைக் கேட்க நல்ல கருவிகள் தேவைப்பட்டன. பீட்டர் வாக்கரின் நிறுவனம் 1953-இல் ‘குவாட் 2’ என்னும் வால்வுப் பெருக்கியை வெளியிட்டது. 1954-இல் ‘காரர்டு 301’ என்னும் தட்டுச் சுழற்றி வந்தது. 1957-இல் வாக்கர், காகிதக் கூம்புக்குப் பதிலாக, மின்னூட்டம் பெற்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம் அதிர்ந்து இசைக்கும் நிலைமின் ஒலிபெருக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

இரு அலைகள்

1947-இல் பிறந்த டிரான்சிஸ்டர், 1960-களில் ஒலிக்கருவிகளுக்குள் புகுந்தது. அதற்குச் சூடேறும் இழை இல்லை. கனத்த வெளியீட்டு மின்மாற்றியும் வேண்டியதில்லை. வாக்கரே 1967-இல் ‘குவாட் 303’ என்னும் டிரான்சிஸ்டர் பெருக்கிக்கு மாறினார். வால்வுப் பெருக்கிகள் பரணுக்குப் போயின. 1982-இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்ததும் தட்டுச் சுழற்றிகளுக்கும் அதே கதி நேர்ந்தது. அந்நாட்களில் விற்றவர்களுக்குக் கிடைத்தது அற்பத் தொகையே.

ஆனால் 1970-களிலிருந்தே ஜப்பானிய ஆர்வலர்கள் பழைய மேலைநாட்டுக் கருவிகளைத் தேடித்தேடி வாங்கினர். பின்னர் இசைத்தட்டும் மீண்டு வந்தது. 2022-இல் அமெரிக்காவில் எல்.பி. தட்டுகளின் விற்பனை எண்ணிக்கை, 1987-க்குப் பின் முதல் முறையாகக் குறுந்தகடுகளை விஞ்சியது.

காலம் எதைத் தின்கிறது?

புகழ் மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. காரர்டு சுழற்றியின் எஃகு அச்சுக்கு எண்ணெய் விட்டு, இறுகிய ரப்பர் சக்கரத்தை மாற்றினால் அது மீண்டும் சுழலும். வால்வுப் பெருக்கியின் மின்மாற்றி, இரும்பும் செம்புக் கம்பியும் கொண்டது. பல பத்தாண்டுகள் தாங்கும். தேய்ந்த வால்வுகளுக்கு மாற்று இன்றும் செய்யப்படுகிறது. குறுந்தகடு இயக்கிகளின் நிலை வேறு. அவற்றுள் பலவற்றின் லேசர் பகுதி பழுதுபட்டால் மாற்று கிடைப்பது அரிது. பல ஒலிபெருக்கிக் கூம்புகளின் விளிம்பிலுள்ள நுரைப்பொருளும் சில பத்தாண்டுகளில் பொடிந்துவிடும். ஆகவே, சீர்செய்ய இயலும் கருவியே விலைபோகிறது.

அவசரப்பட்டு இயக்கலாமா?

“வேலை செய்கிறது” என்று காட்டுவதற்காக வாரிசுகள் பழைய பெருக்கியை மின்னிணைப்பில் செருகுவதுண்டு. இதுவே பெருந்தவறு. அதிலுள்ள மின்பகு மின்தேக்கியின் அலுமினியத் தகட்டில் மெல்லிய ஆக்சைடு படலம் காப்பாக அமைந்திருக்கும். நெடுநாள் மின்சாரம் பாயாவிடில் அது நலிந்துவிடும். திடீரென முழு மின்னழுத்தம் கிடைத்தால் கசிவு மின்னோட்டம் பெருகி, மின்தேக்கி சூடேறி வெடிக்கலாம், மின்மாற்றியும் கருகலாம். ஒலிபெருக்கியை இணைக்காமல் வால்வுப் பெருக்கியை முழக்கினாலும் வெளியீட்டு மின்மாற்றிக்கு ஆபத்து. வாங்குபவர் நாடும் உறுப்பே ஒரு நிமிடத்தில் அழிந்துபோகும்.

உயிருக்கும் ஆபத்துண்டு. வால்வுப் பெருக்கியில் 300 வோல்ட்டுக்கு மேலும், வாக்கரின் ஒலிபெருக்கியில் சுமார் 6,000 வோல்ட்டும் உண்டு. இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அனுபவமுள்ள தொழில்நுட்பர், மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்திச் சோதிப்பார்.

விற்பவர் செய்ய வேண்டியவை எளியவை. பெயரையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்க. சோடிக் கருவிகளைப் பிரிக்காதீர். கழற்றிய பழைய உறுப்புகள், கையேடுகள், ரசீதுகள் ஆகியவற்றை எறியாதீர். தூசியை உலர்ந்த துணியால் மட்டும் துடைத்திடுக. இருமுறை கழித்துக்கட்டப்பட்ட கருவிகள் மீண்டும் மதிப்புப் பெற்றிருக்கின்றன. அறியாமல் விற்றாலும் நட்டம். அறியாமல் இயக்கினாலும் நட்டமே.