நீலி என்னும் பெயர்

சில ஆண்டுகட்கு முன், நான் கிராணியாக இருந்த தோட்டமொன்றின் அலுவலகத்திற்குப் பால்மரம் வெட்டும் பெண்ணொருத்தி வந்து அழுதாள். செக்ரோலில் தன் பெயருக்கு நாட்கள் குறைத்துப் போடப்பட்டன என்பதும், காரணம் கேட்டதற்கு மண்டோர் தகாத சொல் கூறினான் என்பதும் அவள் முறையீடு. அங்கிருந்தோருள் ஒருவர் "எல்லாம் நீலிக்கண்ணீர்" என்றார். மற்றவர்கள் நகைத்தனர், நானும் நகைத்தேன். முறையீட்டை எழுதிக்கொள்ளவில்லை. மாத முடிவில் கணக்கை ஒத்துப் பார்க்கையில் நான்கு நாள் விடுபட்டிருந்தது மெய் என்று கண்டேன். அதற்குள் அவள் தோட்டத்தை விட்டே போய்விட்டாள்.

இன்று பங்சாரில் குடியிருந்துகொண்டு கம்பெனி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பங்சார் என்ற பெயரே புங்கே, கிரிசார் என்னும் இரு ஐரோப்பியரின் பெயர் தாங்கிய இரப்பர்த் தோட்டத்திலிருந்து திரிந்தது என்பர். தோட்டம் போயிற்று, முதலாளிகளின் பெயர் மண்ணில் ஒட்டிக்கொண்டது. பெயர்கள் எவ்வாறு நிலைக்கின்றன என்பதை எண்ணியபோதுதான், அன்று நாங்கள் அப்பெண்ணின் மீது எறிந்த பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடலானேன்.

ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற எனக்கு அதற்கு முன் தெரிந்த சூனியக்காரி ஒருத்தியே. அமெரிக்கரான பாம் என்பவர் 1900-இல் எழுதிய ஓஸ் நாட்டுக் கதையின் மேற்றிசைச் சூனியக்காரி அவள். அந்நூலில் அவளுக்கு ஒற்றைக் கண் உண்டு, பெயர் கிடையாது. 1939-இல் வந்த திரைப்படம் அவள் முகத்திற்குப் பச்சை நிறம் பூசிற்று. 1995-இல் மெக்வயர் என்னும் ஆசிரியர், பாமின் பெயரெழுத்துகளாகிய எல், எப், பி ஆகியவற்றின் ஒலியைக் கூட்டி, "எல்பாபா" என்று அவளுக்குப் பெயர் சூட்டி, அவள் பக்கத்து நியாயத்தையும் எழுதினார். அதை வெள்ளையர் செய்த புதுமை என்றே நான் வியந்திருந்தேன். நம் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பாராதவன் வேறென்ன எண்ணுவான்!

நீலியின் கதையை அறியாதார் சிலரே. முற்பிறப்பில் கணவனால் கொலையுண்டவள் பேயாகிறாள். மறுபிறப்பில் வணிகனாய் வந்த அவனைப் பழையனூரில் தொடர்கிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடையில் ஏந்தி, "என் கணவன் என்னைக் கைவிட்டான்" என்று ஊரார்முன் அழுகிறாள். வணிகன் கையில் காப்பாக ஒரு வாள் உண்டு. வேளாளர் எழுபதின்மர் அதை வாங்கி வைத்து, "உனக்குத் தீங்கு நேரின் நாங்களும் உயிர்விடுவோம்" என்று உறுதி கூறி, இருவரையும் ஓரறையில் விடுகின்றனர். விடியுமுன் வணிகன் பிணமானான். எழுபதின்மரும் தீயிற் புகுந்து சொற்காத்தனர்.

வேளாளரின் வாய்மைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆயினும், இக்கதையைக் கேட்டு வளர்ந்த சிறுவன் கற்றுக்கொள்வது யாது? அழுது முறையிடும் பெண்ணை நம்பினோர் மாண்டனர் என்பதன்றோ! அவளை முதலிற் கொன்றவன் அவள் கணவன் என்ற செய்தி கதையின் முகப்பிலேயே இருக்கிறது. பழமொழியில் அது தங்கவில்லை. கண்ணீர் மட்டும் தங்கிற்று.

இனிப் பெயரைப் பார்ப்போம். 7-ஆம் நூற்றாண்டினரான சம்பந்தர் ஆலங்காட்டுப் பதிகத்தில் இக்கதையைக் குறிக்கிறார். ஆனால் அங்கே அவளுக்குப் பெயரில்லை. "ஒருத்தி" என்ற அளவோடு நிற்கிறது. பழையனூர் நீலி என்று பெயர் சொல்வன பின்னெழுந்த நூல்களே. நீலி என்றால் கருநிறத்தாள் என்பதே பொருள். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் அது கொற்றவையின் பெயர். அந்நூலின் கட்டுரை காதையிலோ, நீலி மானிடப் பெண். அவள் கணவன் சங்கமன் என்னும் வணிகன். அவனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தவன் பரதன்; அவனே மறுபிறப்பிற் கோவலன். நீலி பதினான்கு நாள் அரற்றித் திரிந்து, மலையேறி வீழ்ந்து சாகுமுன் இட்ட சாபமே கோவலன் கொலையுண்டதற்குக் காரணம் என்று மதுரைத் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கிறது. அங்கே அவள் கண்ணீரைப் பொய் என்பார் யாருமிலர்.

இவ்வளவும் அறிந்தபின் என்னைத் திகைக்க வைத்தது நீலகேசி. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான இது ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டினது, சமண நூல், ஆசிரியர் பெயர் கிடைத்திலது. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் இதனைப் பதிப்பித்தார். பாஞ்சால நாட்டில் முனிச்சந்திரர் என்னும் முனிவர், காளிக்கு உயிர்ப்பலி வேண்டா, மண்ணாற் செய்த உருவங்களைப் படையுங்கள் என்று மக்களைத் திருப்பிவிடுகிறார். அவரை அஞ்சுவித்து ஓட்டப் பழையனூரிலிருந்து நீலி வரவழைக்கப்படுகிறாள். பேயுருக் காட்டுகிறாள், பலிக்கவில்லை. அரசகுமாரி வடிவில் மயக்க முயல்கிறாள், அதுவும் பலிக்கவில்லை. முடிவில் முனிவரிடம் கொல்லாமை அறம் கேட்டு, அதனை நாடெங்கும் நாட்டப் புறப்படுகிறாள். குண்டலகேசி முதலிய பௌத்தரையும், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் ஆகியோரையும் சபைதோறும் வாதில் வெல்கிறாள். தன் சமயத்தை உயர்த்தவே கவிஞர் இப்படிப் பாடினார் என்பது வெளிப்படை. மற்றச் சமயத்தார்க்கு அவர் நீதி செய்தார் என்றும் சொல்ல மாட்டேன். ஆயினும் ஊரார் அஞ்சிய ஒரு பேய்மகளைத் தேர்ந்து, அவள் வாயில் தருக்கத்தை வைத்தாரே, அத்துணிவுக்கு ஈடு நான் அறிந்த ஆங்கில நூல்களில் இல்லை. மெக்வயருக்கு ஆயிரம் ஆண்டு முந்தியது அது.

அதே ஆலங்காட்டிலேதான் காரைக்காலம்மையார் பேயுருவோடு வாழ்ந்து பதிகம் பாடினார். கணவன் அவரை அஞ்சி விலகினான். அவர் உருவும் எலும்பு தெரியும் உருவே. அவரை அம்மை என்று தொழுகிறோம். தென்கோடியில், ஆரல்வாய்மொழிக்கு அருகே முப்பந்தலில் இசக்கியம்மனாக வழிபடப்படுபவள் நீலியே என்று வில்லுப்பாட்டில் பாடுவர். அங்கே குழந்தைவரம் வேண்டுவோர் தொட்டில் கட்டுகின்றனர். கள்ளிக் கொம்பு என்று நாம் இகழ்ந்த பிள்ளை, இசக்கியின் கையில் மெய்ப்பிள்ளையாகவே இருக்கிறது.

என் பழைய தோட்டத்தில் இப்பொழுது வேறொருவர் கிராணி. அந்நான்கு நாட்களின் செய்தியை அவருக்கு எழுதியிருக்கிறேன். அப்பெண் எங்கிருக்கிறாள் என்பதையும் விசாரிக்கக் கேட்டிருக்கிறேன். விடை இன்னும் வரவில்லை.